ஒரு கூட்டை இன்னொரு கூடாக்கும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடித்தல்

ரைபிள் தோட்டாக்களுக்குப் பெயர்கள் எத்தனையோ. ஆனால் நிறைய தோட்டாக்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். .30-06 கூட்டின் (வெடிமருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறை) கழுத்தை ஒடுக்கியதில் 1925-இல் .270 வின்செஸ்டர் வந்தது. இன்னும் ஒடுக்கினால் .25-06, விரித்தால் .35 வீலன். 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் மூன்றே ஆண்டில் .243, .358 என்று இரண்டு பெற்றது, 7 மி.மீ.-08, .260 ரெமிங்டன் எல்லாம் கடைக்குட்டிகள். அடியும் உடலும் ஒன்று, கழுத்துதான் வேறு. கிடைக்காத கூட்டைக் கிடைக்கிற கூட்டிலிருந்து செய்துகொள்ளலாமே என்ற ஆசை அங்கேதான் தொடங்குகிறது.

செய்யலாம். கோளாறு வரும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு கேள்வி: அந்தப் பித்தளை எங்கே போனது? பித்தளை காணாமல் போவதில்லை. கழுத்தை ஒடுக்கினால் சுவர் தடிக்கும், கூடு சற்று நீளும். விரித்தால் சுவர் மெலியும், கூடு குட்டையாகும். தோளை (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) பின்னால் தள்ளினால் பழைய தோளின் தடித்த உலோகம் புதிய கழுத்தின் அடியில் போய் உட்காரும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

தொடங்கும் முன் சில நிபந்தனைகள். சேம்பரில் (துப்பாக்கிக் குழலில் தோட்டா உட்காரும் அறை) போட்டுப் பார்க்கும் எல்லாச் சோதனையும் பிரைமரும் (அடியிலிருந்து தீ மூட்டும் சிறு குப்பி) வெடிமருந்தும் இல்லாத கூட்டில்தான். மூலக் கூட்டுக்கான மருந்து அளவு புதிய கூட்டுக்குச் செல்லாது. புதிய தோட்டாவின் பெயரிலேயே அச்சான கையேட்டை எடுத்து, அதன் தொடக்க அளவிலிருந்துதான் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் மருந்து அளவு எதுவும் இல்லை. ரீலோடிங் (சுட்ட கூட்டில் மறுபடி தோட்டா செய்வது) செய்ய உங்கள் நாட்டில் உரிமம் வேண்டுமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். மேசையில் வெர்னியர், உருண்டை முனை மைக்ரோமீட்டர், தோள் வரை அளக்கும் கம்பேரேட்டர், ஒரு கறுப்பு மார்க்கர் இருக்கட்டும். மார்க்கர்தான் இருப்பதிலேயே மலிவான கருவி, அதிகம் உதவுவதும் அதுதான்.

கூடு டைக்குள் மாட்டிக்கொண்டது

டை என்பது கூட்டை உருமாற்றும் அச்சு; கைப்பிடி உள்ள பிரஸ்ஸில் பொருத்தி, கூட்டை அதற்குள் அழுத்துவோம். கூடு மாட்டினால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் எண்ணெய் போதாமை. உடலில் தடவியிருப்பீர்கள், அடிப்பக்கம் விட்டுப்போயிருக்கும். உண்மையில் அதிகம் உரசுவது அடிப்பக்கம்தான். கைப்பிடி பாதி வழியில் திடீரென்று கனத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, வெளியே எடுத்து, மறுபடி தடவித் தொடருங்கள். ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று முழு எடையையும் போட்டு அழுத்தியதில் ஷெல் ஹோல்டர் (கூட்டின் அடியைப் பிடிக்கும் பிடி) கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு கீழே வர, கூடு மட்டும் மேலே டைக்குள் நின்றுவிட்டது. என் முதல் வாரத்திலேயே நடந்தது இது.

மாட்டிய கூட்டை எடுக்க: டையின் நடுத்தண்டை முடிந்த அளவு மேலே தளர்த்துங்கள். பிரைமர் குழி வழியாகத் துளையிட்டு, மரை வெட்டி, ஒரு போல்ட்டைப் போட்டு இழுங்கள். இதற்கென்றே விற்கும் சிறு தொகுதியில் டிரில், டேப், போல்ட் மூன்றும் இருக்கும். எடுத்த பிறகு டையின் உட்சுவரை விளக்கு வைத்துப் பாருங்கள். பித்தளைத் தூள் ஒட்டியிருந்தால் அடுத்த கூட்டிலும் நெடுக்காகக் கீறல் விழும்.

இன்னொரு காரணம், ஒரே மூச்சில் நெடுந்தூரம் ஒடுக்கப் பார்ப்பது. .308-இன் குண்டு விட்டம் 7.82 மி.மீ., .243-க்கு 6.17 மி.மீ. நல்ல கூடு என்றால் இதை ஒரே அழுத்தில் தாங்கிவிடும். ஆனால் .30-06-ஐ .25-06 ஆக்கும்போது நடுவில் .270 டை ஒரு படியாக இருந்தால் கூடுகள் குறைவாகவே வீணாகின்றன.

தோளில் குழி, அல்லது மடிப்பு

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் காரணம் எதிரெதிர். வழவழப்பான குழி என்றால் எண்ணெய் மிஞ்சிவிட்டது. எண்ணெய் சுருங்காது, பித்தளைதான் இடம் கொடுக்கும். தோளைத் துடைத்துவிடுங்கள், டையின் காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆழமில்லாத குழி முதல் சுடுதலில் தானாகச் சமமாகிவிடும்.

கூர்மையான மடிப்பு வேறு கதை. உலோகம் இறுகிப்போய், ஓட வழியில்லாமல் மடங்கியிருக்கிறது. நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்படுகிற கூட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

கழுத்து வெடிக்கிறது

எப்போது வெடிக்கிறது என்பதை வைத்துத்தான் காரணம் பிரியும்.

விரிக்கும்போதே வெடித்தால், கழுத்து இறுகியிருக்கிறது. தோட்டாக் கூட்டுப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இதைக் குளிர்ந்த நிலையில் வளைக்க வளைக்க இறுகிக்கொண்டே போகும். பாத்திரம் தட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்: கொஞ்சம் தட்டு, கொஞ்சம் சூடு காட்டு, மறுபடி தட்டு. நாலைந்து முறை சுட்டு, நாலைந்து முறை டையில் போன கூடு ஏற்கெனவே இறுகியது. அதைப் போய் விரித்தால் வாயிலிருந்து நெடுக்காகக் கிழியும். விரிக்கும் முன்னால் கழுத்துக்கும் தோளுக்கும் சூடு காட்டி இளக்குங்கள். முனை சரிந்த விரிப்பானைப் பயன்படுத்துங்கள். உருண்டைப் பந்து ஒரேயடியாகத் திறக்கிறது, சரிவு தண்டு மெல்லத் திறக்கிறது.

இந்த இளக்கும் வேலையில்தான் ஆபத்தும் இருக்கிறது. கழுத்துக்குத் தேவை ஏறத்தாழ 400 பாகை செல்சியஸ், அதுவும் சில நொடிகள்தான். தோளுக்குக் கீழே உடலில் சூடு ஏறக் கூடாது, அடிப்பாகத்தில் அறவே கூடாது. சுடும்போது அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கெட்டியான அடிதான். அது இளகிப்போன கூடு சரிந்து, வாயு துப்பாக்கியின் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) பக்கம் பீறிட்டு வரும். அதனால் வெப்பநிலை காட்டும் பூச்சு இரண்டு வகை வாங்கிக்கொள்ளுங்கள். 400 பாகைக்கானது கழுத்தின் உள்ளே. 250 பாகைக்கானது தோளுக்குக் கீழே உடலில். கீழே உள்ளது நிறம் மாறினால் அந்தக் கூடு குப்பைக்கு. சுடரில் சிவக்கும் வரை காட்டுவது அதிகப்படி. கழுத்து மெழுகு போலாகிக் குண்டைப் பிடிக்காமல் விட்டுவிடும்.

சூடான கூட்டைத் தண்ணீரில் போட்டால் இறுகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது எஃகின் குணம். பித்தளை தண்ணீரில் இறுகாது. தண்ணீர் செய்வதெல்லாம் சூடு அடிக்கு இறங்காமல் தடுப்பதுதான்.

இரண்டாவது வகை: செய்யும்போது நன்றாக இருந்தது, பெட்டியில் வைத்துச் சில மாதம் கழித்துப் பார்த்தால் கழுத்தில் வெடிப்பு. இதற்குப் பழைய பெயர் ‘பருவ வெடிப்பு’. பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயத்தின் பக்கம் வைத்திருந்த தோட்டாக்கள் அவை. குற்றவாளி மழையல்ல; குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா. ஈரம் அதற்கு வழிவிட்டது, பித்தளைக்குள் தேங்கியிருந்த இழுவிசை மீதியை முடித்தது. 1921 வாக்கில்தான் இது தெளிவானது. உருமாற்றிய கழுத்தில் தேங்கிய இழுவிசை இன்றும் அதேதான். எனவே உருமாற்றி முடித்த பிறகும் ஒருமுறை இளக்குங்கள். அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷை இந்தக் கூடுகள் பக்கமே கொண்டுவராதீர்கள்.

போல்ட் மூட மறுக்கிறது

பலரும் உடனே டையை இன்னும் அரைச் சுற்று கீழே இறக்குகிறார்கள். சில நேரம் அது சரியாகவும் இருந்துவிடுகிறது, அதனால் பழக்கமாகிவிடுகிறது. இறக்காதீர்கள். வெறும் கூட்டுக்கு முழுக்க மார்க்கர் பூசி, சேம்பரில் போட்டு, போல்ட்டை மெதுவாக அழுத்தி வெளியே எடுங்கள். கறுப்பு எங்கே உரிந்திருக்கிறது என்று பாருங்கள். அது நான்கு இடங்களில் ஒன்றாக இருக்கும்.

வாய் விளிம்பில் என்றால் கூடு நீளம். .308-இன் உச்ச நீளம் 51.18 மி.மீ., .243-க்கு 51.94, 7 மி.மீ.-08-க்கு 51.69. ஒடுக்கும்போது கூடு நீண்டாலும் அது பொதுவாக இந்த எல்லைக்குள் நின்றுவிடும், ஆனால் அளக்காமல் நம்ப வேண்டாம். நீளமான கூட்டை வலுவில் மூடினால் சேம்பரின் முனை அதன் வாயைக் குண்டின் மேல் இறுக்கிவிடும், குண்டு விடுபடாது, அழுத்தம் ஏறும். வெட்டுங்கள். எதிர்ப்பக்கம், .30-06-இலிருந்து செய்த .270 எப்போதும் குட்டையாகவே இருக்கும்: 63.35-க்கு எதிராக 64.52 மி.மீ. ஒரு மி.மீ. கழுத்து குறைவதால் பெரிய கேடு ஒன்றுமில்லை.

கழுத்தின் பக்கச்சுவரில் என்றால் சுவர் தடித்துவிட்டது. இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது, ஏனென்றால் கொஞ்சம் பலம் கொடுத்தால் போல்ட் மூடிவிடும், மூடியதும் எல்லாம் சரி என்று தோன்றும். குண்டு வைத்த வெற்றுக் கூட்டின் கழுத்து விட்டத்தை அளந்து, அதே துப்பாக்கியில் சுட்ட கூட்டின் கழுத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தது 0.05 மி.மீ. இடைவெளி வேண்டும். அளவுகோல் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு: சுட்டு முடித்த, டையில் போகாத கூட்டின் வாயில் ஒரு குண்டைப் போடுங்கள். தடையில்லாமல் விழ வேண்டும். விழாவிட்டால் அந்தக் கழுத்துக்குச் சேம்பரில் விரிய இடமே இல்லை. வெளிப்பக்கம் கழுத்தைச் சீவுங்கள்.

.300 பிளாக்அவுட் செய்கிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். .223 கூட்டின் 44.70 மி.மீ. நீளத்தை 34.75-க்கு வெட்டும்போது புதிய கழுத்தாவது பழைய உடல். உடல் சுவர் எவ்வளவு தடிமன் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். குண்டு வைத்த கழுத்து 8.48 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. தாண்டுகிற வகையை வெட்டுவதற்கு முன்பே ஒதுக்கிவிடுவது நேரத்துக்கு நல்லது.

தோளில் உரிந்திருந்தால் இப்போது டையைக் கீழே இறக்கலாம், மெல்லிய அளவாக. கம்பேரேட்டரில் பார்த்து, மூடுகிற நிலையிலிருந்து 0.05 மி.மீ. மட்டும் கூடுதலாகத் தள்ளுங்கள். இறக்கியும் தோள் நகரவில்லையா? இறுகிய பித்தளை டையை விட்டதும் பழையபடி துள்ளிக்கொள்கிறது. இளக்கிவிட்டு மறுபடி முயலுங்கள், பெரும்பாலும் படிந்துவிடும்.

விளிம்புக்குச் சற்று மேலே, அடிப்பக்கம் உரிந்திருந்தால் அந்தக் கூடு இதற்கு முன் ஏதோ ஒரு தளர்ந்த சேம்பரில் வாழ்ந்தது. சாதாரண டை அந்த உயரத்துக்கு இறங்காது. அடி வரை இறுக்கும் டை தனியாக உண்டு. ஐந்தாறு கூட்டுக்காக அதை வாங்குவதைவிட வேறு கூடு தேடுவது மேல்.

போல்ட் அளவுக்கு மீறி எளிதாக மூடுகிறது. சுட்ட பின் அடிக்கு மேலே பளபளப்பான வளையம்

மூட மறுப்பதைவிட இது மோசம். மறுப்பது உங்களை நிறுத்திவிடும், இது நிறுத்தாது.

எடுத்துக்காட்டுக்கு .280 ரெமிங்டன். 1957-இல் .30-06 கூட்டிலிருந்தே பிறந்ததுதான். ஆனால் அதன் தோள் .30-06, .270 இரண்டின் தோளையும்விட 1.27 மி.மீ. முன்னால் இருக்கிறது. .270 துப்பாக்கிக்குள் இந்தத் தோட்டா போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த தள்ளல் அது. இது தெரியாமல் .30-06 கூட்டை .280 டையில் ஒரு அழுத்து அழுத்தினால் பார்க்க அழகாக வரும், சேம்பருக்குள் போல்ட்டும் வழுக்கிக்கொண்டு மூடும். ஆனால் தோளுக்கு முன்னால் 1.27 மி.மீ. வெறும் இடம். சுடும்போது உடலின் முன்பாதி சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்ள, அடி பின்னால் போல்ட் வரை நகர்கிறது. நடுவில் இழுபடுவது அடிக்குச் சற்று மேலே உள்ள சுவர். அங்கே வளையம் விழும். அடுத்த சுடுதலிலோ அதற்கடுத்ததிலோ கூடு இரண்டாகும்.

சரிசெய்யும் வழி பொய்த் தோள். கழுத்தை முதலில் இலக்கைவிடப் பெரிதாக விரியுங்கள். பிறகு இறுதி டையை அரைகுறையாக இறக்கி, கழுத்தின் மேல்பாதியை மட்டும் ஒடுக்குங்கள். நடுவில் ஒரு சிறு படி நிற்கும். அந்தப் படி சேம்பரில் முட்டி, போல்ட் இலேசான தடையோடு மூடும் வரை டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அடி போல்ட்டில் அழுந்தி நிற்கிறது, இழுபட வழியில்லை. முதல் சுடுதலில் தோள் தன் இடத்துக்குப் போய்விடும். அந்த முதல் சுடுதலும் கையேட்டின் தொடக்க அளவோடுதான்.

வளையம் வெளியே தெரியும் முன்பே உள்ளே பள்ளம் தொடங்கிவிடும். ஒரு காகிதக் கிளிப்பை நேராக்கி, நுனியை மட்டும் மடக்கி, கூட்டின் உள்ளே அடியிலிருந்து மேல்நோக்கி உரசிக்கொண்டே வாருங்கள். நுனி எங்காவது விழுந்து எழுந்தால் அந்தக் கூடு முடிந்தது. ஒரு கூட்டில் தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் பாருங்கள்.

குண்டு இறங்கும்போது பாதியில் இடறுகிறது

தோளைப் பின்னால் தள்ளிய கூடு இது. பழைய தோள் புதிய கழுத்தின் அடியில் உட்பக்கம் வளையமாகத் தடித்து நிற்கிறது. குண்டின் அடி அங்கே முட்டுகிறது, கழுத்தும் அந்த இடத்தில் வெளிப்பக்கம் புடைக்கிறது. குண்டை வலுவில் இறக்குவது விடையல்ல. உட்பக்கம் ரீமரால் (துளையின் உள்ளே சீவும் கருவி) நீக்கலாம். அல்லது விரிப்பான் தண்டால் தடிப்பை வெளியே தள்ளிவிட்டு வெளிப்பக்கம் சீவலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், சுவர் ஒரே சீராக வரும்.

ஒரு பக்கம் மட்டும் அடி புடைத்திருக்கிறது

.30-06 கூட்டில் 6.5×55 ஸ்வீடிஷ் செய்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். நீளம், தோள், கழுத்து எல்லாவற்றையும் படிய வைக்கலாம். அடி விட்டத்தை முடியாது: ஒன்று 11.96 மி.மீ., மற்றது 12.20. அந்தக் கால் மி.மீ.-ஐ சுடுதல்தான் நிரப்ப வேண்டும், அதுவும் அடியின் கெட்டியான, விரியக் கூடாத இடத்தில். கூடு சேம்பரில் ஒருபக்கம் சாய்ந்து கிடப்பதால் புடைப்பும் ஒருபக்கமாகவே வருகிறது. சிலர் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். என் கருத்து வேண்டாம் என்பதே. கழுத்தைச் செய்துகொள்ளலாம், அடியைச் செய்துகொள்ள முடியாது. சரியான கூட்டை வாங்குங்கள்.

கழுத்து கோணல்

விரிப்பான் பந்து உலர்ந்த கழுத்துக்குள் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வருகிறதா? அதுதான் இழுத்துக் கோணலாக்குகிறது, தோளையும் முன்னால் இழுத்துவிடுகிறது. கழுத்தின் உள்ளே தூரிகையால் துளி எண்ணெய் போடுங்கள். அப்படியும் கோணல் என்றால் பந்தைக் கழற்றிவிட்டு, தனியாக மேலிருந்து இறங்கும் தண்டால் விரியுங்கள். சுவர் ஒருபக்கம் தடித்த கூடு எதைச் செய்தாலும் கோணும்.

பிரைமர் ஊசி உடைந்தது

கூட்டுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை என்றால் பாக்ஸர் வகை, இரண்டு சிறு துளை என்றால் பெர்டன். பெர்டன் கூட்டை ஊசியால் தள்ள முடியாது, ஒதுக்குங்கள். (பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸர் முறை, பெர்டன் போய்ச் சேர்ந்தது ஐரோப்பாவில்.) ராணுவக் கூட்டில் பழைய பிரைமர் வந்தும் புதியது ஏறாவிட்டால், குழியின் விளிம்பில் அழுத்திய வளையம் இருக்கும், அதை நீக்கிய பிறகே ஏறும்.

தொடக்க அளவிலேயே போல்ட் தூக்கக் கனக்கிறது, பிரைமர் தட்டையாகிறது

நிறுத்துங்கள். இன்னொன்று சுட்டுப் பார்க்காதீர்கள். கழுத்துத் தடிப்பையும் கூட்டு நீளத்தையும் மேலே சொன்னபடி மறுபடி அளங்கள். இரண்டும் சரி என்றால் கூட்டின் கொள்ளளவைப் பாருங்கள். ராணுவக் கூடுகள் பல தடித்த சுவர் கொண்டவை. வெளி அளவு ஒன்றே என்பதால் உள்ளே இடம் குறைவு. சுட்ட கூட்டில் பழைய பிரைமரை அப்படியே விட்டு, வெறுமையாக ஒருமுறை, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஒருமுறை எடை போட்டால் வித்தியாசம்தான் கொள்ளளவு. அதே தோட்டாவின் சொந்தக் கூட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே தொகுதிக்குள் இரண்டு தயாரிப்புகளைக் கலக்காமல் இருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் அடியில் பழைய பெயர்

இதைக் கோளாறாக யாரும் எண்ணுவதில்லை. கூடு .243, அடி முத்திரையோ .308 என்கிறது. செய்த உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்து அதே பெட்டியைத் திறக்கும் உங்களுக்கே தெரியாமல் போகலாம். .223 முத்திரை தாங்கிய .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கிக்குள் போய், போல்ட்டும் மூடிவிட்டால் துப்பாக்கி சிதறும். கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம் என்று நம்ப வேண்டாம். உருமாற்றிய கூடுகளுக்குத் தனி நிறப் பெட்டி வையுங்கள், அடியில் மார்க்கர் கோடு போடுங்கள், பெட்டிக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: மூலக் கூடு, இப்போதைய பெயர், கழுத்துத் தடிமன், எத்தனை முறை சுட்டது, கடைசியாக இளக்கிய தேதி. தேறாத கூடுகளை நான் அப்படியே குப்பையில் போடுவதில்லை. யாராவது பொறுக்கியெடுத்து மறுபடி பிரஸ்ஸில் வைத்துவிடுவார்கள். வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் பழைய பித்தளை டப்பாவில் போடுகிறேன்.